சவரிமுத்துவுக்கு மட்டும் நிற்காத மினி

வண்டி எனக்கு நின்றது. முதலாளிக்கு நின்றது. சவரிமுத்துவுக்கு மட்டும் நிற்கவில்லை.

அதே வண்டி, அதே பிரேக், அதே ரோடு. இன்று பட்டறைக்கு வருகிற பிள்ளைகளிடம் இதைச் சொன்னால், “அந்தக் காலத்து வண்டிதானே அங்கிள், அதுல என்ன பெரிய குழப்பம்?” என்று கேட்கிறார்கள். கம்ப்யூட்டரைச் செருகிப் பழுதைப் படித்துப் பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். எழுபதுகளின் கடைசியில் எங்களிடம் இருந்ததெல்லாம் ஸ்பேனர், சுத்தியல், கொஞ்சம் வாய்ச்சவடால். அந்த மூன்றும் இந்த ஒரு வண்டியிடம் செல்லவில்லை.

1. தார்ப்பாய்க்கு அடியில்

எங்கள் பட்டறை சிங்கப்பூரில் ரோவல் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. முதலாளி பெயர் நடராஜன். நல்ல மனிதர், ஆனால் தவறு தன்னுடையதாக இருக்கும் என்று அவருக்கு லேசில் தோன்றாது. நான் அங்கே மெக்கானிக்.

ஒருநாள் காலையில் ஒரு பெண் வந்து, பழைய மினி கார் ஒன்றைச் சரி செய்ய வேண்டும் என்றார். பெயர் ஜெசிந்தா.

“வண்டிய இங்க ஓட்டிட்டு வர முடியுமாம்மா?” என்று முதலாளி கேட்டார்.

“தள்ளிட்டு வர முடியுமான்னே தெரியல அண்ணே. எங்க வீட்டுக்காரருக்கு அடிபட்டதுலேருந்து நிக்குது.”

கேலாங்கில் அவர்கள் அடுக்குமாடி பிளாக்குக்குப் பின்னால் போய்ப் பார்த்தோம். தார்ப்பாயைத் தூக்கியதும் உள்ளிருந்து இரண்டு பூனைகள் ஓடின. இளநீல மினி. கதவின் அடிப்பக்கம் பூராவும் துரு, தரையில் என் கை போகிற அளவு ஓட்டை, சஸ்பென்ஷன் ரப்பர் எல்லாம் உட்கார்ந்து போய் வண்டி மண்டியிட்ட மாதிரி இருந்தது. கீழ்வீட்டு வாசலில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார் சவரிமுத்து. கப்பல் பட்டறையில் சாரம் சரிந்து விழுந்தவர். முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது, கை இரண்டும் இரும்பு.

விஷயம் இதுதான். அவருடைய பழைய சூப்பர்வைசர் ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலை ஆபீசில் டெலிபோன் ஆப்பரேட்டர் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் காவல்காரர் இறக்கி உட்கார வைப்பார். போய்ச் சேருவதுதான் பிரச்சினை. சக்கர நாற்காலியோடு எந்த பஸ்ஸில் ஏறுவது? அவரே ஓட்டிக்கொண்டு போனால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. கொஞ்ச நாள்தான் இடத்தைக் காலியாக வைத்திருப்போம் என்று ஆபீசில் சொல்லியிருந்தார்கள்.

“கால் இல்லாம ஓட்டணும், அவ்ளோதானே? செஞ்சிரலாம் லா,” என்றார் முதலாளி. அதுவரை அப்படி ஒரு வண்டியை நாங்கள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

2. நல்ல தகரத்தில் கை வைக்கக் கூடாது

சவரிமுத்து ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

“நான் கடைசியா ஓட்டுனப்போ எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும் அண்ணே. துருப்பிடிச்சத வெட்டுங்க. நல்ல தகரத்துல கை வைக்கக் கூடாது.”

முதலாளி வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தார். “கோபாலு, எனக்குப் புரியல. கியர மாத்தணுங்குறான், கைல பிரேக் வேணுங்குறான், ஆனா பழைய மாதிரியே இருக்கணுங்குறான். இவனுக்கு என்னதான் வேணும்?”

எனக்கும் புரியவில்லை. ஆனால் வேலையை ஆரம்பித்துவிட்டோம்.

மினியில் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒன்றின்மேல் ஒன்றாக ஒரே பெட்டிக்குள் இருக்கும், ஒரே ஆயிலைக் குடிக்கும். கியரை மட்டும் தனியாக மாற்ற முடியாது. கிளட்ச் இல்லாமல் ஓட்ட வேண்டும் என்பதால், பின்பக்கம் நசுங்கிய ஓர் ஆட்டோ கியர் மினியை ஸ்கிராப் கடையில் தேடிப் பிடித்து, அதன் பெட்டியை அப்படியே கழற்றி இதில் வைத்தோம். துருப்பிடித்த தரையை வெட்டிப் புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்தோம். சஸ்பென்ஷன் ரப்பர் மாற்றினோம். பழைய இளநீலத்தைக் கலந்து எடுப்பதற்குள் பெயிண்ட் அடிப்பவர் எங்களோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

அடுத்தது கை லிவர். ஸ்டீயரிங் தண்டுக்குக் கீழே வலப்பக்கம் ஓர் இரும்புக் கம்பி. தன் பக்கம் இழுத்தால் ஆக்ஸிலரேட்டர், முன்னால் தள்ளினால் பிரேக். லிவரின் அடியிலிருந்து இன்னொரு கம்பி இறங்கி பிரேக் பெடலைத் தள்ளும். இடது கைக்கு ஸ்டீயரிங்கில் ஒரு குமிழ். ஜெசிந்தாவின் அண்ணனும் எப்போதாவது ஓட்டுவார் என்பதால், காலால் மிதித்தாலும் பிரேக் தனியாக வேலை செய்ய வேண்டும். அதற்காகக் கம்பியின் முனையில் நீளத் துளை போட்டேன். காலால் மிதிக்கும்போது பெடல் மட்டும் கீழே போகும், லிவர் இருந்த இடத்திலேயே இருக்கும். இந்தத் துளை என்னுடைய சொந்த யோசனை. முதலாளி முதுகில் தட்டிக் கொடுத்தார். அந்தத் தட்டலை நினைத்தால் இப்போதும் முதுகு கூசுகிறது.

மினியின் டேஷ்போர்டுக்குக் கீழே, சாமான் வைப்பதற்கு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு தகரத் தட்டு இருக்கும். நல்ல தகரத்தில் கை வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தாரே, அதனால் அந்தத் தட்டைத் தொடாமல், அதற்குக் கீழே லிவரை வளைத்து நெளித்து ஒரு வழியாக உட்கார வைத்தோம்.

முதலில் ஜாக்கியில் தூக்கி வைத்துப் பார்த்தோம். லிவரைத் தள்ளியதும் சக்கரம் நாலும் பிடித்துக்கொண்டது. என் முழுப் பலத்தையும் போட்டுத் திருப்பிப் பார்த்தேன், அசையவில்லை. பிறகு ஓட்டிப் பார்த்தோம். எனக்கு அருமையாக நின்றது. முதலாளிக்கு அதைவிட அருமையாக நின்றது.

3. அவருக்கு மட்டும்

ஈஸ்ட் கோஸ்ட்டில் கடலை நிரப்பி உண்டாக்கிய நிலம் அப்போது பெரும்பாலும் வெறுமையாகக் கிடந்தது. நீளமான ரோடு, ஆள் நடமாட்டம் கிடையாது. அங்கே சவரிமுத்துவைத் தூக்கி டிரைவர் சீட்டில் உட்கார வைத்தோம். அவர் ஸ்டீயரிங்கைக் கொஞ்ச நேரம் சும்மா பிடித்துக்கொண்டு இருந்தார். நான் பக்கத்து சீட்டில்.

மெதுவாகப் போகிறவரை ஒன்றும் இல்லை. தள்ளினார், நின்றது. வேகம் எடுத்து, “இப்ப பிடிங்க,” என்றேன். தள்ளினார். வண்டி கொஞ்சம் தயங்கியது, அப்புறம் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. ரோடு முடிகிற இடத்தில் மணல் மேடு. நடுவில் இருந்த ஹேண்ட்பிரேக்கை நான் இழுத்த இழுப்பில் வண்டி பக்கவாட்டில் திரும்பி நின்றது.

“தள்ளுனீங்களா இல்லையா?”

“தள்ளுனேன். ஒரு எடத்துல போய் முட்டுது. அதுக்கு மேல போகல.”

முதலாளி ஏறி ஓட்டினார். அதே வேகம், அதே இடம். கச்சிதமாக நின்றது. இறங்கி வந்து, “முட்டுறது பிரேக் பிடிக்கிற முட்டுதான் தம்பி. இன்னும் கொஞ்சம் அழுத்துங்க,” என்றார்.

பட்டறைக்குக் கொண்டுபோய் எல்லாவற்றையும் பிரித்தோம். மாஸ்டர் சிலிண்டர் புதிது. பிரேக் ஷூ புதிது. பைப்பில் காற்று இருக்குமோ என்று ஆயிலை வடித்து மறுபடி ஏற்றினோம். திரும்பவும் ஈஸ்ட் கோஸ்ட். எனக்கு நின்றது, அவருக்கு நிற்கவில்லை. இந்த முறை ஹேண்ட்பிரேக்கும் என் தோள்பட்டையும் சேர்ந்து வலித்தன. மறுபடி பிரித்தோம். அவர் உடம்பு கனமோ என்று பார்த்தால் முதலாளிதான் கனம். அவர் உட்கார்ந்தால் சீட் சாய்கிறதோ என்று சீட்டைக் கழற்றி மாட்டினேன். சாப்பிடும்போதும் அதே யோசனை. என் மனைவி, “சோத்துல என்ன தேடுறீங்க?” என்று கேட்டாள்.

கடைசியில் முதலாளி ஒரு முடிவுக்கு வந்தார். அதைச் சவரிமுத்துவிடமே சொல்லிவிட்டார்.

“தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. வண்டில ஒண்ணும் இல்ல. உங்களுக்குப் பயம். விழுந்த ஆளு, பயம் இருக்கத்தான் செய்யும். பயத்துல கை முழுசா தள்ள மாட்டேங்குது.”

சவரிமுத்து தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நானும் அப்படித்தான் நினைக்க ஆரம்பித்திருந்தேன்.

“அப்படித்தான் போல,” என்றார் அவர். “எனக்குத் தள்ளுற மாதிரிதான் இருக்கு. ஆனா தள்ளல போல.”

மறுநாள் ஜெசிந்தா தனியாக பட்டறைக்கு வந்தார். கண் வீங்கியிருந்தது.

“வண்டிய யாருக்காச்சும் குடுத்துருங்கன்னு சொல்றாரு. ஆபீசுக்கும் போன் பண்ணி வரலன்னு சொல்லப் போறாராம். ராத்திரி பூரா கைய மடக்கி மடக்கிப் பாக்குறாரு. அண்ணே, அவருக்குப் பயம் வந்தா எனக்குத் தெரியும். மூணு வருஷமா நான்தானே தூக்கி இறக்குறேன். இது பயம் இல்ல.”

“வேற என்னம்மா? எனக்கு நிக்குது, கோபாலுக்கு நிக்குது.”

“அப்ப நீங்க ஓட்டுங்க. நான் பக்கத்துல உக்காந்து பாக்குறேன்.”

வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாதவர் உட்கார்ந்து எதைப் பார்க்கப் போகிறார் என்று முதலாளிக்கு எரிச்சல். ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல அவரால் முடியவில்லை.

4. சம்மணம்

சவரிமுத்துவையும் வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு மறுபடி ஈஸ்ட் கோஸ்ட் போனோம். ரோட்டோரம் ஒரு மர நிழலில் சக்கர நாற்காலியில் விட்டோம். முதலாளி ஓட்டினார், பக்கத்தில் ஜெசிந்தா, பின்சீட்டில் முழங்காலை மடக்கிக்கொண்டு நான். வேகம் எடுத்தார், லிவரைத் தள்ளினார், வண்டி நின்றது.

“பாத்தியாம்மா?”

“பாத்தேன் அண்ணே. உங்க கால் போச்சு.”

“என்ன கால்?”

“வலது கால். நீங்க கைல தள்ளுனதும் கால் போய் பெடல மிதிச்சிச்சு.”

முதலாளிக்குக் கோபம் வந்துவிட்டது. “நான் கால வைக்கவே இல்ல! கீழ தரையிலதான் வச்சிருக்கேன்!”

“இன்னொரு வாட்டி போங்க.”

இந்த முறை நானும் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். லிவர் முன்னால் போனது. அதோடு சேர்ந்து முதலாளியின் செருப்புக் கால், யாரோ கூப்பிட்ட மாதிரி எழுந்து போய், பெடலை ஓங்கி மிதித்துவிட்டு, சத்தமில்லாமல் தரைக்குத் திரும்பி வந்து படுத்துக்கொண்டது. அவர் முகத்தைப் பார்த்தேன். சத்தியமாக அவருக்குத் தெரியவில்லை.

“அலாமக், ஐயோ!” என்றேன்.

ஜெசிந்தா தணிந்த குரலில் சொன்னார். “எங்க வீட்டுக்காரருக்குக் காலு எங்க இருக்குன்னே தெரியாது. சக்கரத்துல மாட்டிக்கும், ரோட்டுல இழுபடும். அதனால எனக்கு மொதல்ல காலத்தான் பாத்துப் பழக்கம்.”

முதலாளி அப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை. காலை எடுத்துவிட்டு ஓட்டிக் காட்டுகிறேன் என்றார். எங்கே எடுப்பது? டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் கால் பெடலுக்குப் பக்கத்தில்தானே போகும்? சம்மணம் போட்டு உட்கார்ந்தால்தான் உண்டு. மினியின் ஸ்டீயரிங்குக்கும் அவர் தொப்பைக்கும் நடுவில் சம்மணம் நுழைய வழி இல்லை. இரண்டு முறை முயன்று, வெள்ளைச் சட்டையில் கிரீஸைப் பூசிக்கொண்டு, “கோபாலு, நீ ஏறு,” என்றார்.

செருப்பைக் கழற்றிவிட்டு, பந்தியில் உட்காருகிற மாதிரி டிரைவர் சீட்டில் சம்மணம் போட்டேன். முழங்கால் இரண்டும் ஸ்டீயரிங்கில் இடித்தன. முதலாளி பக்கத்தில் ஹேண்ட்பிரேக்கைப் பிடித்துக்கொண்டார். லிவரை இழுத்தேன், வேகம் வந்தது. தள்ளினேன்.

முட்டியது. அவர் சொன்ன அதே முட்டு. இரும்பில் இரும்பு இடிக்கிற முட்டு. வண்டி போய்க்கொண்டே இருந்தது. என் தொடைக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்த வலது கால் வெளியே வரத் துடித்தது. அந்தத் துடிப்பு இத்தனை நாளும் எனக்குத் தெரியாமலே நடந்து வந்திருக்கிறது. மணல் மேடு பெரிதாகிக்கொண்டே வந்தது. “இழுங்க மொதலாளி!” என்று கத்தினேன். இழுத்தார். முன்சக்கரம் மணலில் ஏறி நின்றது.

மடங்கிய கால் நேராகவே மாட்டேன் என்றது. இந்தப் பயத்தில் ஒரு மனிதனை உட்கார வைத்துவிட்டு, பழியையும் அவன் கையிலேயே போட்டிருந்தோம்.

காரணம் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. லிவரின் வளைவு அந்தத் தகரத் தட்டின் விளிம்பில் போய் இடித்தது. பெடல் பாதி தூரம்தான் போயிருந்தது. தூக்கி வைத்த சக்கரத்தைக் கையால் திருப்பும்போது நிறுத்த அந்தப் பாதி போதும். ஓடுகிற வண்டிக்குப் போதாது. மீதிப் பாதியை எங்கள் கால்கள் மிதித்திருக்கின்றன. என்னுடைய அருமையான நீளத் துளை இருந்ததால், கால் மிதித்தபோது லிவர் அசையவில்லை, யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

முதலாளியே சவரிமுத்துவிடம் போய்ச் சொன்னார். சுற்றி வளைத்து, வண்டி அமைப்பு, கம்பி அளவு என்று என்னென்னவோ சொன்னார். சவரிமுத்து குறுக்கே ஒரே கேள்விதான் கேட்டார்.

“அப்ப, நான் தள்ளுனேனா?”

“தள்ளுனீங்க தம்பி. முழுசா தள்ளுனீங்க.”

சவரிமுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஜெசிந்தா அவர் தோளில் ஒரு அடி வைத்தார், செல்லமாக இல்லை, நன்றாகவே.

“தட்டை வெட்டாம ஒண்ணும் பண்ண முடியாது,” என்றேன் நான் தயங்கித் தயங்கி. “நல்ல தகரந்தான்.”

“வெட்டுங்க,” என்றார் சவரிமுத்து. முதலாளி நம்பாமல் இரண்டாம் முறை கேட்டார். “வெட்டுங்கண்ணே. வேணும்னா டேஷ்போர்டையும் சேத்து வெட்டுங்க.”

அதே ஆள்தானா என்று முதலாளி என்னைப் பார்த்தார். நான் ரம்பத்தை எடுக்கப் போய்விட்டேன்.

5. காணாமல் போன மத்தியானம்

தட்டின் விளிம்பை வெட்டி, லிவரின் அச்சை இடம் மாற்றி, இந்த முறை சம்மணம் போட்டே எல்லாச் சோதனையும் செய்தேன். பிறகு சவரிமுத்து ஓட்டினார். மணல் மேட்டுக்கு வெகு தூரம் முன்னாலேயே நின்றது. வண்டி இன்ஸ்பெக்‌ஷன் முடிந்தது. கடைசியாக, அவரையே ஓட்டச் சொல்லிப் பார்க்கிற டெஸ்ட்.

டெஸ்டுக்கு நான்தான் கூடப் போனேன். ஜெசிந்தா பட்டறையில் காத்திருந்தார், சக்கர நாற்காலியும் அங்கேதான் இருந்தது. டெஸ்டு பாஸ். அதிகாரி கை கொடுத்துவிட்டுப் போனார். நான் கதவைத் திறந்து ஏறப் போனபோது சவரிமுத்து சொன்னார்.

“கோபால் அண்ணே, நீங்க பஸ்ல போயிருறீங்களா? நான் கொஞ்சம் மெதுவா வரேன்.”

புது டிரைவர் கூச்சம், பக்கத்தில் ஆள் இருந்தால் பதற்றம் போல என்று நினைத்து பஸ் ஏறிவிட்டேன்.

பட்டறைக்கு வந்தேன். அவர் வரவில்லை. சாப்பாட்டு நேரம் போய்விட்டது. வரவில்லை. முதலாளி என்னைக் கிழித்துத் தோரணம் கட்டினார். “தனியா விட்டுட்டு வந்திருக்கியே, அறிவிருக்கா? வண்டி நின்னு போனா அந்த ஆளு எறங்கவாவது முடியுமா? நாற்காலி இங்கல்ல இருக்கு!”

ஜெசிந்தா காலியான சக்கர நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சந்து முனையையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் வெட்டிய விளிம்பு, நகர்த்திய அச்சு, முறுக்கிய நட்டு ஒவ்வொன்றையும் மனதுக்குள் திரும்பத் திரும்ப முறுக்கிக்கொண்டிருந்தேன். கடைசி நட்டு கழலாமல் இருக்க லாக் பின் போட்டேனா? போட்டேன். போட்ட மாதிரிதான் இருக்கிறது.

போலீசுக்குப் போன் செய்யலாம் என்று முதலாளி எழுந்தபோது, இளநீல மினி சந்துக்குள் மெல்லத் திரும்பி வந்து வாசலில் அழகாக நின்றது. கண்ணாடி எல்லாம் புழுதி.

“எங்க போனீங்க?” ஜெசிந்தா வண்டி ஜன்னலுக்கு ஓடினார். “எங்கதான் போனீங்க?”

“எங்கயும் போகல. சாங்கி போனேன். அப்புறம் பொங்கோல் பக்கம். அப்புறம் தெரியல, ரோடு போன பக்கம் போனேன்.”

“என்ன வேலையா?”

“வேலை ஒண்ணும் இல்ல ஜெசி.” அவர் லிவரிலிருந்து கையை எடுக்கவில்லை. “அடிபட்டதுலேருந்து நான் தனியாவே இருந்ததில்ல. குளிக்க, தூங்க, கோயிலுக்கு, எதுக்கும். யாராச்சும் ஒருத்தர் பக்கத்துல இருந்துகிட்டே இருக்கீங்க. இன்னைக்கு யாரும் இல்ல. அதான்.”

நான் அவருக்கு வேலை போய்விடக் கூடாது என்றுதான் இத்தனை நாள் பதறிக்கொண்டிருந்தேன். ஜெசிந்தா அழுவாரா, இன்னொரு அடி வைப்பாரா என்று தெரியாமல் முதலாளி இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். அவர் இரண்டும் செய்யவில்லை. கணவரை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சுற்றிக்கொண்டு போய் மறுபக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.

“என்னைக் கடைத்தெருவுல எறக்கிவிடுங்க. ஒரு மணி நேரம் கழிச்சு வந்து கூட்டிட்டுப் போங்க.”

“என்ன வாங்கணும்?”

“ஒண்ணும் வாங்க வேணாம். நானும் கொஞ்சம் தனியா நடந்துட்டு வரேன்.”

வண்டி பின்னோக்கிப் போய், திரும்பி, சந்தைத் தாண்டிப் போனது. நாற்காலி எங்கள் நடுவில் நின்றது.

“வேலைக்குப் போகத்தானே லா வண்டி கேட்டாங்க?” என்றார் முதலாளி.

“ஆமா மொதலாளி.”

“அப்புறம் ஏன் இப்படி?”

நான் நாற்காலியை ஓரமாகத் தள்ளி வைத்தேன். சவரிமுத்து அந்த வேலையில் சேர்ந்தார், பல வருடம் போய் வந்தார். அந்த நாளைப் பற்றி நாங்கள் யாரும் அப்புறம் பேசியதில்லை. பட்டறைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: வண்டி எதற்கு என்று கஸ்டமரைக் கேளுங்கள். அவர் முதலில் சொல்கிற காரணத்தோடு நின்றுவிடாதீர்கள். ஓட்டப் போகிறவர் முட்டுகிறது என்று சொன்னால், முட்டுகிறது.